மூன்றாவது கையெழுத்து

என் மனைவி இறந்தது ஒரு புதன்கிழமை, மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு. அவள் பிழைக்க ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் அந்தக் கையெழுத்தைப் போடும் பொறுப்பு இரண்டு வருடமாக என்னிடம்தான் இருந்தது.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஒவ்வொரு லிஃப்டுக்கும் மேலே ஒரு மோட்டார் அறை உண்டு. அதன் கதவுக்குப் பின்னால் ஓர் அட்டை தொங்கும். மாதம் ஒருமுறை கம்பிவடத்தையும் பிரேக்கையும் சோதித்து அதில் கையெழுத்துப் போட வேண்டும். பலர் கீழே நின்று டீ குடித்துக்கொண்டே போட்டுவிடுவார்கள். நான் பிரேக் கட்டையைக் கையால் தொட்டுப் பார்க்காமல் ஒருநாளும் போட்டதில்லை. சபையில் இதற்காகவே எனக்கு ஒரு மரியாதை. ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகள், "பரலோகத்துக்கு லிஃப்ட் இருக்கா அங்கிள்?" என்று கேட்பார்கள். அவர்களுக்குப் பாடம் நடத்தியவள் என் மனைவி. "இருந்தாலும் இவர் செக் பண்ணி முடிக்கிற வரைக்கும் நாமெல்லாம் படியிலதான் ஏறணும்" என்பாள்.

கருக்கலைப்பைத் தடுக்கும் சட்டம் வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் ஸ்தோத்திர ஆராதனை நடத்தினோம். நானும் கையை உயர்த்திப் பாடினேன். கருவில் இதயத் துடிப்பு இருக்கும்வரை எந்த டாக்டரும் அதை வெளியே எடுக்கக் கூடாது. தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் எடுக்கலாம். அதற்கும் மூன்று கையெழுத்து வேண்டும். இரண்டு டாக்டர்கள் போட்ட பிறகு, மருத்துவம் படிக்காத ஒரு பொது ஆள் நேரில் வந்து பார்த்து, டாக்டர்கள் அவசரப்படவில்லை என்று திருப்திப்பட்டுப் போட வேண்டும். அது இல்லாமல் கை வைத்த டாக்டருக்கு ஐந்து வருடம் சிறை. அந்தப் பொது ஆட்களின் பட்டியலுக்குச் சபைகள் பெயர் அனுப்பலாம் என்றார்கள். எங்கள் சபை யோசிக்கவே இல்லை, என் பெயரை அனுப்பியது.

இரண்டு வருடத்தில் ஒன்பது முறை கூப்பிட்டார்கள். ஏழு முறை போட்டேன். இரண்டு முறை போடவில்லை. போடாததில் ஒரு குழந்தை உயிரோடு பிறந்தது. அதைச் சபையில் சாட்சியாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்.

"இன்னொருத்தங்க?"

"தெரியல."

"தெரியலயா, கேக்கலயா?"

கேட்கவில்லை. அதை அவளிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

மற்ற ஆஸ்பத்திரிகளில் என்னைப் போல இருந்தவர்களுக்காக இரண்டு பக்கத்தில் ஒரு வழிமுறை எழுதினேன். நோயாளியின் நிலையை டாக்டர் சொல்லிக் கேட்கக் கூடாது, அவள் வாயாலேயே கேட்க வேண்டும் என்று எழுதினேன். பெண்களைப் பயமுறுத்திச் சம்மதிக்க வைக்கிறார்கள் என்று அப்போது நம்பினேன். உறவுக்காரர்கள் அறைக்கு வெளியே இருக்க வேண்டும், அவர்கள் பேச்சைக் கணக்கில் எடுக்கக் கூடாது. சொந்தக் குடும்பம் என்றால் விலகிக்கொண்டு வேறொருவரை அழைக்க வேண்டும். மறுத்துவிட்டால், மறுநாள் காலைவரை ஜெபித்த பிறகே திரும்ப வந்து பார்க்க வேண்டும். அதிகாரிகளுக்குப் பிடித்துப்போய் எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்பினார்கள்.

அனுப்புவதற்கு முன்னால் மனைவியிடம் காட்டியிருந்தேன். அவள் வேதம் வாசிக்கும்போது வைத்திருக்கும் பென்சிலோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். அன்று அவளுடைய தங்கையும் வந்திருந்தாள். அதே ஆஸ்பத்திரியில் வேறொரு வார்டில் நர்ஸ்.

"எழுத்து அழகா இருக்கு" என்றாள் மனைவி. "இதுல அந்தப் பொம்பள எங்க இருக்கா?"

"முதல் வரியிலயே இருக்காளே. அவ வாயாலதான் கேக்கணும்னு."

"பதில் சொல்றதுக்கு இருக்கா. அவ ஒண்ணு கேட்டா யாரு பதில் சொல்றது?"

மச்சினி சிரித்தாள். "அக்கா, மூணாங்கையெழுத்துக்கிட்ட கேள்வி கேக்காத. உன்னையும் வெளிய நிக்க வெச்சிடுவாரு."

நான் வேதத்தை எடுத்தேன். தாயின் கர்ப்பத்தில் கடவுள் தன்னை நெய்ததற்காக ஒரு ராஜா நன்றி சொல்லும் சங்கீதத்தைச் சொன்னேன். அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று கேட்டேன்.

"அது நன்றி சொல்ற பாட்டுங்க. அழகான பாட்டு. நான் இவளச் சுமந்தப்ப தினமும் படிச்சேன்." உள்ளறையில் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "அந்த நன்றிய எடுத்துப் போலீஸ் கையில லத்தியா குடுத்துட்டீங்க. மோசே சட்டத்துல என்ன இருக்கு? ரெண்டு ஆம்பளைங்க சண்டை போடறப்ப புள்ளத்தாச்சி மேல அடி பட்டா, அடிச்சவன நிக்க வெச்சுக் கேக்குது. உங்க சட்டம் அடிபட்டவள நிக்க வெச்சுக் கேக்குது."

"அப்போ குழந்தை உயிர் இல்லையா?"

"உயிர் இல்லன்னு நான் எப்பச் சொன்னேன்? ஓய்வுநாள்ல ஆடு குழியில விழுந்தா உடனே தூக்கிவிட மாட்டீங்களான்னு ஆண்டவர் கேட்டாரே, அப்ப அங்க நின்னவங்க என்ன பண்ணியிருக்கணும்? ஆட்டுக்கிட்டப் போயி, நீ எப்படி இருக்கே, நாளைக்குக் காலையில வர்றேன்னா சொல்லணும்?"

எனக்குக் கோபம் வந்தது. "எல்லாத்தையும் கேலி பண்ணாதே" என்றேன். அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள். காகிதத்தில் ஒரு கோடுகூடப் போட்டிருக்கவில்லை.

அடுத்த வருடம் அவள் கருத்தரித்தாள். மகள் பிறந்து பன்னிரண்டு வருடம் கழித்து, முப்பத்தொன்பதாவது வயதில். இன்னொரு பிள்ளை வேண்டும் என்று நாங்கள் ஜெபத்தில் கேட்பதையே நிறுத்திவிட்டிருந்த காலம் அது. வீட்டிலேயே தையல் வேலை செய்துகொண்டிருந்தாள், பள்ளிக்கூடச் சீருடைகள். மிஷினைக் காலால் மிதிக்க வேண்டாம் என்று சொல்லி ஒரு சின்ன மோட்டார் பொருத்திக் கொடுத்தேன். "உங்க லிஃப்ட் மாதிரி நடுவுல நிக்காதே?" என்று கேட்டாள். பையன்தான் என்று தானே முடிவு கட்டி மகள் ஒரு நோட்டில் பேர்களை எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தாள்.

இருபதாவது வாரம், திங்கட்கிழமை காலை, தைத்துக்கொண்டிருந்தபோது பனிக்குடம் உடைந்தது. மடியில் இருந்த சீருடைத் துணி நனைந்துவிட்டதே என்றுதான் முதலில் பதறினாளாம். செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் காய்ச்சல் வந்தது. பெரிய டாக்டரம்மா என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

"தண்ணி சுத்தமா போயிடுச்சு. இருபது வாரத்துல குழந்தை பிழைக்க வழியே இல்லைங்க. உள்ள கிருமி ஏற ஆரம்பிச்சிடுச்சு. இப்பவே எடுத்தா அவங்கள நான் வீட்டுக்கு அனுப்பிடுவேன். நாங்க ரெண்டு பேரும் போட்டாச்சு." காகிதத்தை நீட்டினார். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது. அதற்குக் கீழே என் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. அந்த ஆஸ்பத்திரியின் எல்லாப் படிவத்திலும் அது இருக்கும்.

"நான் போட முடியாது" என்றேன்.

"தெரியும். வேற யாரு?"

மச்சினி என் முழங்கையைப் பிடித்தாள். "அத்தான், போட்டுடுங்க. யாரு பாக்கப் போறா?"

"அது செல்லாது. தெரிஞ்சா டாக்டரம்மா உள்ள போவாங்க."

"அதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் அத்தான். அக்கா இருப்பா இல்ல?"

டாக்டரம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "செல்லாத கையெழுத்த நம்பி நான் கை வைக்க மாட்டேங்க. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க. கோழைன்னு வெச்சுக்கோங்க."

நான் போட்டிருந்தால் அவர் செய்திருப்பாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் போடவில்லை. பட்டியலில் எனக்கு மாற்றாக இருந்த ஆளுக்குப் போன் செய்தேன். அவர் எங்கள் சபையின் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பட்டியலுக்கு அவர் பெயரைச் சொன்னவனும் நானே.

அதற்குள் மனைவி தன் பங்குக்குச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள். நான் உள்ளே போனபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தாள்.

"இவனப் போகவிடுறதுக்கு நானே எழுதிக் குடுத்துட்டேங்க" என்றாள். "தப்பா?"

"இல்ல."

"வீட்ல ஒருத்தி இருக்கா. அவளுக்குத் தலை பின்னத் தெரியாது." பிறகு என் பக்கம் திரும்பி, "சீக்கிரம் முடிச்சிடச் சொல்லுங்க. எனக்குக் குளிருது" என்றாள்.

தலைமையாசிரியர் நாலு மணிக்கு வந்தார். எழுபது வயது, பாலிஷ் போட்ட ஷூ, சட்டைப் பையில் இரண்டு பேனா. என் மனைவி, மச்சினி இருவருக்கும் ஞாயிறுப் பள்ளியில் பாடம் எடுத்தவர். என் கையைப் பிடித்துக்கொண்டார், கண் கலங்கியிருந்தது. பிறகு பையிலிருந்து என்னுடைய இரண்டு பக்கத்தை எடுத்து விரலால் வரிவரியாக ஓட்டினார். "நீங்க வெளிய இருக்கணும் தம்பி" என்றார். மச்சினியைப் பார்த்து, "நீயும் உறவுதானேம்மா" என்றார்.

"நான் நர்ஸுங்கய்யா."

"தங்கச்சிதானே?"

கதவு மூடியது. அதில் வட்டமாகச் சின்னக் கண்ணாடி பதித்திருந்தது. அவர் கட்டிலருகே போனதும், காய்ச்சலில் கிடந்தவள் தலையணையில் கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். கதவின் கீழ் இடைவெளியில் குரல் தெளிவாகக் கேட்டது.

"எப்படிம்மா இருக்கே?"

"கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கேங்கய்யா."

எங்கள் சபையில் அந்தக் கேள்விக்கு அந்தப் பதிலைத் தவிர வேறு பதில் கிடையாது. கால் முறிந்து கட்டுப் போட்டிருந்தாலும் அதைத்தான் சொல்வோம். என் மாமியாரை அடக்கம் செய்த அன்று காலை, கல்லறை வாசலில் நின்று என் மனைவி அதைத்தான் சொன்னாள். வேறு எதையாவது சொன்னால் அது முறுமுறுப்பு. வேதத்தில், வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்கள் எப்படி அழிந்தார்கள் என்று சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது இவர்தான், வரிசையாக நிற்க வைத்து.

அவர் பேனாவை எடுத்து எழுதினார்.

"குழந்தை அசையுதாம்மா?"

"காலையில அசைஞ்சதுங்கய்யா."

அதையும் எழுதினார். என் கை கதவின் கைப்பிடியில் இருந்தது. திறந்து, 'ஐயா, அது வாய்ப்பழக்கம், எழுதாதீங்க' என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். உறவுக்காரன் குறுக்கே பேசினால் அந்த விசாரிப்பே செல்லாமல் போய்விடும், முதலிலிருந்து வேறொருவரைத் தேட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மச்சினி, "திறங்க அத்தான்" என்று கிசுகிசுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன். அவர் அவள் தலைமேல் கை வைத்து நீளமாக ஜெபித்தார். அவள் ஆமென் சொன்னாள்.

வெளியே வந்தவர் படிவத்தை டாக்டரம்மாவிடம் கொடுத்தார். மூன்றாவது கட்டத்தில், 'நோயாளி நலமாக இருப்பதாகத் தன் வாயால் கூறினார். நாளை காலை மீண்டும் பார்க்கிறேன்' என்று எழுதியிருந்தது. டாக்டரம்மா அதை இரண்டு முறை வாசித்தார். காய்ச்சல் அட்டையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"டாக்டருங்க சொல்றத வெச்சு முடிவு பண்ணக் கூடாதுன்னு இருக்கேம்மா" என்றார் அவர் பணிவாக.

நான் படிக்கட்டுவரை பின்னால் ஓடினேன். "ஐயா, அது பழக்கத்துல வர்ற வார்த்தை. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் தம்பி. ஆனா அவ மனசுல என்ன இருந்துச்சுன்னு நான் எப்படி முடிவு பண்றது? பொய் சொன்னான்னு நினைக்கச் சொல்றீங்களா?" என் தோளைத் தொட்டார். "நீங்க எழுதினதுல ஒரு எழுத்து நான் மீறல. ராத்திரி பூரா முழங்கால்ல நிக்கிறேன். கர்த்தர் பாத்துப்பார்."

நின்றிருப்பார். அவர் அப்படிப்பட்டவர்தான்.

திரும்பி வந்தபோது மனைவி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, ஐயா போயிட்டாரா? கேள்வியே இன்னும் ஆரம்பிக்கலயே."

"காலையில வர்றாராம்."

பிறகு அவளுக்குப் புரிந்துவிட்டது. "நல்லா இருக்கேன்னு சொன்னதையா எழுதிக்கிட்டாரு?" சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு நடுக்கத்தில் போய் முடிந்தது. "நான் ஒரு மடச்சிங்க. ஐயா வந்து நின்னதும் பத்து வயசாயிடுச்சு எனக்கு."

புதன்கிழமை காலை ஏழரைக்கு அவர் வந்தபோது அவளால் பேச முடியவில்லை. உதடு நீலமாக இருந்தது. அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. சுவரில் காகிதத்தை வைத்து நின்றபடியே கையெழுத்துப் போட்டார். பேனா ஓர் இடத்தில் காகிதத்தைக் கிழித்துவிட்டது. எடுத்தபோது குழந்தையின் இதயம் முன்பே நின்றிருந்தது. எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. அது நின்ற நிமிடத்திலிருந்து சட்டப்படி மூன்றாவது கையெழுத்தே தேவையில்லை. மதியம்வரை மருந்து ஏற்றினார்கள். அவளுடைய இரத்தத்தில் ஏறிய கிருமி எதற்கும் கட்டுப்படவில்லை.

பையனை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கினான். விரல்களில் நகம்வரை இருந்தது. அதுவும் உயிர்தான் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். அந்த நம்பிக்கை அவனுக்கு ஓர் உதவியும் செய்யவில்லை.

மூன்று மாதம் கழித்து விசாரணை நடந்தது. நீண்ட மேஜை, ஒரு மின்விசிறி, தண்ணீர்க் குவளைகள். விசாரித்த அதிகாரி எங்கள் சபை இல்லை, ஆனால் எங்களைப் போன்ற இன்னொரு சபை. நான் உள்ளே போனபோது, "எப்படி இருக்கீங்க பிரதர்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

படிவத்தைக் காட்டினார். "இந்த வார்த்தையை உங்க மனைவி சொன்னாங்களா?"

"சொன்னா. ஆனா—"

"நீங்களே கேட்டீங்களா?"

"கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன். சார், அது நாம எல்லாரும் சொல்றது. நீங்களும் சொல்வீங்க. அதுக்கு அர்த்தம் அது இல்ல."

"அப்போ மனசுல இல்லாததச் சொன்னாங்கன்னு பதிவு பண்ணட்டுமா? விசாரிக்க வந்தவர்கிட்ட, கர்த்தர் பேரைச் சொல்லி?" அவர் குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

ஐந்து வருடச் சிறைக்குப் பயந்த டாக்டரம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். தலைமையாசிரியர் அவருக்குப் பக்கத்தில், மடியில் கை கோத்து, மூன்று மாதத்தில் பாதியாகியிருந்தார். மச்சினி என்னையே பார்த்தாள். என் மனைவி பொய் சொன்னாள் என்று எழுதச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வேண்டாம்" என்றேன்.

"வேற ஏதாவது சேர்க்கணுமா?"

சேர்க்க வேண்டியதெல்லாம் அந்த மேஜையைச் சுற்றி இருந்த எல்லாருக்கும் தெரியும். நடைமுறை மீறப்படவில்லை, யார் மீதும் குற்றமில்லை என்று முடித்தார்கள். சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் மச்சினி, "இனிமே உங்கள அத்தான்னு என்னைக் கூப்பிட வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அன்றிலிருந்து மகளைப் பார்க்க வருகிறாள். நான் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வருகிறாள். அந்த இரண்டு பக்கம் இன்னும் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிறது. திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி நான்கு முறை எழுதினேன். நடைமுறையில் குறை காணப்படாததால் மாற்றத் தேவையில்லை என்று பதில் வந்தது.

விசாரணை முடிந்து வீட்டுக்குப் போனபோது மகள் பள்ளிச் சீருடையோடு சாப்பாட்டு மேஜையில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையைத் தானே பின்னியிருந்தாள். ஒரு பக்கம் கோணலாக இருந்தது. என்ன கேட்டார்கள் என்றாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் மறைக்க என்னிடம் எதுவும் மிச்சமில்லை. சொன்னேன்.

"அம்மா எல்லார்கிட்டயும் அப்படித்தானே சொல்லுவாங்க" என்றாள்.

"ஆமா."

"அது அந்தத் தாத்தாவுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"விசாரிச்சவங்களுக்கு?"

"அவருக்கும் தெரியும்."

அவள் மேஜையின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க கதவுகிட்டதானப்பா நின்னீங்க?"

"ஆமா" என்றேன்.

அவள் எழுந்து தன் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வேறு எதையும்கூடக் கேட்பதில்லை.